எண்ணி நிறுத்தவும்

அந்த வார்டில் அவருக்கு ‘உட்காருங்க அக்கா’ என்று பெயர். யார் எதிரே வந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். கட்டுப் போட வந்த நோயாளியா, பார்க்க வந்த உறவுக்காரரா, பழுதான மின்விசிறியைச் சரிசெய்ய ஏணியோடு வந்தவரா என்ற பேதமெல்லாம் கிடையாது. “முதல்ல உட்காருங்க” என்பார். ஒருமுறை அந்த மின்விசிறிக்காரர் ஏணியின் இரண்டாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டு, எதற்காக உட்கார்ந்தோம் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். வார்டு அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறது.

அக்கா அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. அது சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்களுக்கான வார்டு. தரைத்தளத்தில், நீண்ட நடைக்கூடத்தின் கடைசியில், இருபத்திரண்டு கட்டில்கள். அங்கே ஒருவர் எழுந்து நின்றால் அவருடைய உடம்பின் எடை முழுவதும் புண்ணின்மேல் இறங்கும். ஆனால் அது அவருக்குத் தெரியாது. பல வருடங்களாகச் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துவிட்டதால் அந்தக் கால்களில் உணர்ச்சி இல்லை. செருப்புக்குள் ஆணி ஏறியிருக்க, பகல் முழுக்க நடந்துவிட்டு, சாயங்காலம் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து “இது யாரோடது?” என்று கேட்டவர்கள் அந்தக் கட்டில்களில் படுத்திருந்தார்கள்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். நாற்பத்தாறு வயது. இருபத்தொரு வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். முதல் பதினாறு வருடங்கள் மேல்மாடியில், எலும்பு முறிவு வார்டில். அங்கே வேலை வேறு மாதிரி. மாவுக்கட்டைப் பிரித்த முழங்கைகளையும் முட்டிகளையும் மடக்கி நீட்டப் பழக்க வேண்டும். நோயாளி ‘ஐயோ’ என்பார். எந்த இடத்தில் ஐயோ வருகிறதோ அதுதான் இன்றைய எல்லை. நாளைக்கு அதைவிட ஒரு விரற்கடை தள்ளிப் போகலாம். அங்கே வலிதான் அளவுகோல். பதினாறு வருடம் அந்த அளவுகோலைப் பிடித்த கை அக்காவின் கை.

கால் புண் வார்டுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது யாரும் முன்வரவில்லை. ஆறு மாதத்துக்குத்தான் என்று சொல்லி அக்காவைக் கீழே அனுப்பினார்கள். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. திரும்பக் கூப்பிட அவர்களும் மறந்துவிட்டார்கள், கேட்க அக்காவும் மறந்துவிட்டார்.

கீழே வந்த பிறகு அவருக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வார்டில் ஒருவருடைய காலை எடுத்த பிறகுதான் அக்காவைக் கூப்பிடுவார்கள். ஊன்றுகோல் பிடிக்கப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். காலை எடுக்காதவர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரே வைத்தியம், ‘அசையாதே’. அவர்களும் அசையாமல் கிடந்தார்கள். வாரக் கணக்கில், மாதக் கணக்கில். புண் மெல்ல மெல்ல ஆறும். கூடவே தொடை மெல்ல மெல்லக் கரையும். கணுக்கால் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகும்.

கடைசியில் ஒரு வாட்ச்மேன். பதினான்கு வாரம் படுத்திருந்தார். புண் சுத்தமாக மூடிவிட்டது. வீட்டுக்குப் போகும் நாள் காலையில் புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு, வார்டில் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, வாசலில் ஒரே ஒரு படி இறங்கினார். தொடை தாங்கவில்லை. விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு முறிந்தது. கால் பிழைத்தது, ஆள் மறுபடியும் படுத்தார். இந்த முறை மேல்மாடியில்.

அன்று மத்தியானமே அக்கா சர்ஜனின் அறைக்குப் போனார். சர்ஜனுக்கு வார்டு வைத்த பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. சின்ன ஸ்டேஷன்களில் நிற்கமாட்டார். ஒரு கட்டிலுக்கு ஒரு நிமிடம், அதற்குள் பார்த்து, திட்டி, எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“உட்காருங்க சார்” என்றார் அக்கா, பழக்கதோஷத்தில்.

“என் ரூம்ல என்னையே உட்காரச் சொல்றீங்க. பரவாயில்ல, நிக்கறேன். சொல்லுங்க.”

“புண்ணு இருக்கறவங்களுக்கும் உடற்பயிற்சி ஆரம்பிக்கணும் சார்.”

“புண்ணோட குதிக்கச் சொல்லப் போறீங்களா?”

“எல்லாமே உட்கார்ந்தபடிதான் சார். பாதத்துமேல எடையே இறங்காது. தொடைக்கு, இடுப்புக்கு, கைக்கு. கணுக்கால் இறுகிடாம இருக்கக் கொஞ்சம். உடம்பு அசைஞ்சா சுகரும் கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்கும்.”

“நான் மூணு மாசமா ஆத்துற புண்ணை நீங்க மூணு நாள்ல பிரிச்சு வெச்சுட்டா?”

“பிரிக்கமாட்டேன் சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.” சர்ஜன் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தார். “அந்த வாட்ச்மேனை நானும் பார்த்தேன். சரி. ஆறு பேர், ஆறு வாரம். யாருன்னு நான் சொல்றேன். ஒருத்தரோட புண்ணு, ஒரே ஒருத்தரோட புண்ணு, உங்க பயிற்சியால பெருசாச்சுன்னா அன்னைக்கே மூட்டையைக் கட்டிடணும். அப்புறம் அந்தப் பேச்சையே எங்கிட்ட எடுக்கக் கூடாது. சரியா?”

“சரி சார்.”

ஒன்பது வருடமாக வாய்க்காதது ஆறு வாரத்துக்கு வாய்த்தது. அது கைநழுவினால் இன்னொரு ஒன்பது வருடம்.

பயிற்சிகளை அக்கா வீட்டில்தான் வகுத்தார். சமையலறை நாற்காலியில் கணவரை உட்காரவைத்தார். அவர் பூட்டுச் சாவி ரிப்பேர் செய்பவர். நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்வதால் நிமிர்ந்து உட்காருவதே அவருக்குத் தண்டனை.

“முட்டியை நீட்டுங்க. இன்னும். அப்படியே பிடிங்க.”

“எவ்வளவு நேரம்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

“கல்யாணம் ஆனதுலேருந்து அப்படித்தானே இருக்கேன்” என்றார் அவர். பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்த மகள் சிரித்ததில் எண்ணிக்கை தவறிப்போனது.

கணுக்கால் பயிற்சிக்குக் காலை அந்தரத்தில் தூக்கி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, பிறகு கீழே அமுக்க வேண்டும். பதினெட்டாவது தடவையில் கணவர் முகத்தைச் சுளித்தார்.

“கெண்டைக்கால்ல சுருக்குன்னு வலிக்குது. நிறுத்தட்டுமா?”

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று அக்கா காகிதத்தில் குறித்துக்கொண்டார். நல்ல கால் உள்ளவருக்கே பதினெட்டில் வலித்தால், நோயாளிக்குப் பத்து போதும். அப்படித்தான் எல்லா எண்ணிக்கையையும் முடிவுசெய்தார்.

நின்று செய்யும் பயிற்சிகளை ஒவ்வொன்றாக அடித்தார். குதிகாலைத் தூக்குவது கூடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது கூடாது. வேகமாக நடப்பது கூடவே கூடாது. மிச்சமிருந்தவற்றை ஒரு தாளில் கோட்டுப் படத்தோடு வரைந்தார். தாளின் அமைப்புக்கு மேல்மாடியில் பதினாறு வருடம் கொடுத்துவந்த பழைய தாளையே எடுத்துக்கொண்டார். மேலே நோயாளியின் பெயருக்கும் கட்டில் எண்ணுக்கும் இடம், நடுவில் படங்கள், அடியில் நான்கு எச்சரிக்கைகள். அந்த நான்கும் அவருக்கு மனப்பாடம். மனப்பாடமானதை யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

வகுப்பு தினமும் காலை பத்து மணிக்கு. விரிப்புகள் அடுக்கியிருந்த பக்கத்து அறையைக் காலிசெய்து, கைப்பிடி வைத்த ஆறு நாற்காலிகளைச் சுவரோடு சேர்த்துப் போட்டார். சக்கர நாற்காலியில் வந்து அதில் மாறி உட்கார வேண்டும். முதலில் வார்டு சிஸ்டர் ஒவ்வொருவர் விரலிலும் ஊசியால் குத்திச் சர்க்கரை பார்ப்பார். குறைவாக இருந்தால் இரண்டு பிஸ்கெட் தின்றுவிட்டுக் காத்திருக்க வேண்டும். மிக அதிகமாக இருந்தால் அன்றைக்கு வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி. சுகரை வேண்டுமென்றே குறைய விட்டு பிஸ்கெட் வாங்கப் பார்க்கிறார் என்று லாரி டிரைவர்மேல் மற்றவர்களுக்குச் சந்தேகம் இருந்தது.

ஆறு பேரில் வாயாடி தையல்காரர்தான். ஐம்பத்தெட்டு வயது. சிறிய கடை, இரண்டு மிதி மெஷின். நாற்பது வருடமாக வலது காலால் மிதித்துத் தைத்தவர். புண்ணும் அந்தக் காலிலேயே, பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால் மேடாக இருக்கும் இடத்தில் வந்திருந்தது. இப்போது கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் பார்க்க வரும் மனைவி கடைச் செய்தி கொண்டுவருவார். ஒவ்வொரு செய்தியும் தையல்காரருக்கு ஒரு குத்து.

“உங்க தம்பி நேத்து ஒரு சட்டைக்கு ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டாரு” என்பார் மனைவி.

“அவன் வெட்டலடி. என் பேரைத்தான் வெட்டறான். அக்கா, நான் எப்ப மெஷின்ல உட்காருவேன்?”

“உட்காருறதுக்குத்தானே பழக்கறேன்.”

“இங்க உட்காருறது வேற, அங்க உட்காருறது வேற. இங்க காலுக்கு வேலையே இல்லையே.”

முதல் நாளன்று அக்கா அவருடைய பாதத்தைச் சோதித்திருந்தார். மீன் பிடிக்கும் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை இருக்கிறது. நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த இழையின் நுனியை உள்ளங்காலில் பத்து இடத்தில் வளையும்வரை அழுத்த வேண்டும். தெரிந்தால் ‘ம்’ சொல்ல வேண்டும். தையல்காரர் ஒருமுறைகூட ‘ம்’ சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆரம்பிக்கலாமே அக்கா, எதுக்குக் காத்திருக்கீங்க?” என்றார். அப்போது சோதனை முடிந்து அக்கா இழையைப் பெட்டியில் வைத்துவிட்டிருந்தார். ‘பத்தில் பூஜ்யம்’ என்று தன் கையாலேயே எழுதினார்.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகப் போனது. வகுப்பில் ஒருமுறை, சாயங்காலம் தாளைப் பார்த்துக் கட்டிலில் தனியாக ஒருமுறை. லாரி டிரைவரின் தொடை ஒரு விரல் பருத்திருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், யார் பிடித்தும் தூக்காமல் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறினார். திங்கட்கிழமைதோறும் சிஸ்டர் கண்ணாடி மாதிரி மெல்லிய தாளைப் புண்ணின்மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைவார். போன வாரத்துத் தாளின்மேல் இந்த வாரத்துத் தாளை வைத்தால் புண் சுருங்கியதா என்று தெரிந்துவிடும். இரண்டு திங்கட்கிழமையும் உள்ளே ஒரு சின்ன வட்டம், வெளியே ஒரு பெரிய வட்டம். சிஸ்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்.

மூன்றாவது திங்கட்கிழமை தையல்காரரின் தாளில் வட்டம் வெளியே போயிருந்தது. ஒரு நகத்தின் அளவு. சுற்றிலும் சிவப்பு. கையின் பின்புறத்தை வைத்துப் பார்த்தால் மற்றக் காலைவிடச் சூடு.

சிஸ்டர் வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “அக்கா, பயிற்சியாலன்னு யாரு கண்டா? ராத்திரி கட்டு நழுவி உரசிடுச்சுன்னு எழுதிடறேன். அடிக்கடி நடக்கறதுதானே.”

அக்கா சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எக்ஸ்பிரஸ் வார்டுக்கு வர இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அவர் தையல்காரரின் கட்டிலுக்குப் போய், பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார்.

“சாயங்காலம் தனியா செய்வீங்களே, அதைக் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க.”

“வகுப்புல செய்யறதுதானே அக்கா.”

“அதேதான். நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கிட்டு செய்யுங்க.”

தையல்காரர் கை இரண்டையும் ஊன்றி, இடுப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டிலின் கால்மாட்டுக்கு இறங்கினார். அங்கே குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. கட்டுப் போட்ட வலது பாதத்தின் முன்பகுதியை அதன்மேல் வைத்தார். வைத்த விதத்திலேயே நாற்பது வருடப் பழக்கம் தெரிந்தது. பிறகு மிதிக்க ஆரம்பித்தார். சீராக, தாளம் தப்பாமல்.

அக்கா முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“போதும். எடுங்க. காலை எடுங்க.”

“ஏன் அக்கா? நீங்கதானே சொன்னீங்க, பாதத்தைக் கீழ அமுக்கணும்னு. காத்துல அமுக்கினா அது அமுக்கின மாதிரியா இருக்கு? கீழ ஒண்ணு தட்டுப்பட்டாத்தானே மிதிக்கிற மாதிரி இருக்கும்.”

“எத்தனை தடவை?”

“எண்ணறதில்ல. மனசுக்குள்ள ஒரு சட்டை தைப்பேன். காலர், கை, பக்கம் ரெண்டு, மடிப்பு. முடிஞ்சதும் நிறுத்திடுவேன். போன வாரம் ஒருநாள் ரெண்டு சட்டை.”

“பத்துன்னு போட்டிருந்தேனே.”

“பத்து தையல்ல என்ன அக்கா வரும், பட்டன் ஓட்டைகூட வராது.”

“ரெண்டு சட்டை தைச்சீங்களே, கால் வலிக்கலையா?”

“வலிச்சா நிறுத்தியிருப்பேனே” என்றார் தையல்காரர், கொஞ்சம் அடிபட்ட குரலில். “நீங்களே எழுதியிருக்கீங்க. அதைப் பார்த்துட்டுத்தான் செய்யறேன். இதோ.” தலையணைக்கு அடியிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். கடைசி எச்சரிக்கைக்கு அடியில் அவரே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

‘வலி வந்தால் உடனே நிறுத்தவும்.’

அக்கா அந்த வரியைப் படித்தார். பதினாறு வருடமாகக் கொடுத்துவந்த வரி. அதை இப்போதுதான் முதல்முறையாகப் படித்தார் என்று சொல்ல வேண்டும். வலிக்கவே வலிக்காத ஆறு பேருக்கு, வலித்தால் நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நிறுத்தவே வேண்டாம் என்று எழுதியிருந்தாலும் அதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. சமையலறை நாற்காலியில் முகத்தைச் சுளித்த கணவர் நினைவுக்கு வந்தார். அவருக்கு வலித்தது, அதனால் நிறுத்தினார். உணர்ச்சியுள்ள காலை வைத்து உணர்ச்சியில்லாத காலுக்குக் கணக்குப் போட்டாயிற்று.

எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன்பே அக்கா அவருடைய அறைக்குப் போனார். மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் ‘பத்தில் பூஜ்யம்’. இன்னொன்றில் பென்சில் கோடு போட்ட வரி. இரண்டும் ஒரே கையெழுத்து.

“ஏழாம் கட்டில்ல புண்ணு பெருசாயிருக்கு சார். பயிற்சியாலதான். அவர்மேல தப்பில்ல.”

சர்ஜன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“இதை எழுதும்போது படிச்சுப் பார்த்தீங்களா?”

“இல்ல சார்.”

“வகுப்பு நிறுத்தியாச்சு. முதல்ல எலும்பைப் பாக்கணும். கிருமி எலும்புக்குப் போயிருந்தா பெருவிரல் போயிடும். பத்து நாள் மருந்து. பத்தாவது நாள் புண்ணு பழைய அளவுக்காவது வரலைன்னா கத்திதான். அதுக்கப்புறம் உங்க விஷயம் பேசறதுக்கு எதுவும் இல்ல.”

“வந்துடுச்சுன்னா சார்?”

“அப்ப பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு வார்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருந்தது. பத்து நாள் மட்டும் மிச்சம்.

அந்தப் பத்து நாளும் விரிப்பு அறை நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. அக்கா ஆறு தாளையும் திரும்ப வாங்கினார். வாங்கும்போது ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார். “நான் இல்லாதப்ப எப்படிச் செய்வீங்க?” ஆறு பேரும் காட்டினார்கள். தையல்காரர் போக இன்னும் மூன்று பேர் வேறு எதையோ செய்துகொண்டிருந்தார்கள். லாரி டிரைவர் பாதத்தைக் கீழே அமுக்கியபின் அப்படியே பிரேக் மாதிரி பிடித்துவைத்திருந்தார். ஒரு சமையல்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றபடியே செய்தார், ஏனென்றால் அவர் வாழ்நாளில் உட்கார்ந்து எந்த வேலையும் செய்ததில்லை. ஆசிரியர் தாளில் இருந்தபடிதான் செய்தார், ஆனால் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு நாள் பயிற்சியை ஒரே நாளில் முடித்தார். இவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தது அதிர்ஷ்டத்தைத் தவிர வேறில்லை.

அக்கா சமையலறை மேசையில் மறுபடி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். கணவர் தானாகவே நாற்காலியை இழுத்துப்போட்டார்.

“நீங்க வேண்டாங்க” என்றார் அக்கா.

“ஏன், நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“உங்களுக்கு வலிக்குதே.”

புதுத் தாளில் கால் எந்த இடத்திலும் எதையும் தொடக் கூடாது என்று முதல் வரி. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். கட்டிலில் செய்வதை எடுத்துவிட்டார், நாற்காலியில் மட்டும்தான், அதுவும் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது. முடிந்த பிறகு காலின் கட்டு ஈரமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். உள்ளங்காலுக்குக் கீழே கைக்கண்ணாடியைப் பிடித்து மற்ற தோலில் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். புறங்கையை இரண்டு கால்களிலும் வைத்துச் சூடு ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நோயாளிகளில் பாதிப்பேருக்குக் கண் மங்கல் என்பதால் இதை வீட்டிலிருந்து வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கடைசி வரிக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. நிறைய எழுதி அடித்தார். கடைசியில் நின்றது இது: ‘வலிக்காது. அதனால் பத்து எண்ணி நிறுத்தவும். நிறுத்தியதும் காலைப் பார்க்கவும்.’

தையல்காரர் அந்த நாட்களில் பேசவில்லை. வாயாடி மௌனமானதில் வார்டுக்கே ஏதோ குறைந்தது போலிருந்தது. ஆறாவது நாள் அவரே அக்காவைக் கூப்பிட்டார்.

“என்மேல பழியைப் போட்டிருக்கலாமே அக்கா. சொன்ன பேச்சு கேக்கலைன்னு. ஊரு நம்பியிருக்கும். என் பொண்டாட்டியே நம்புவா.”

“நான் இப்பவே நம்பறேன்” என்றார் மனைவி.

“கால் உங்களோடது” என்றார் அக்கா. “தாள் என்னோடது. கண்ணாடியை இப்படிப் பிடிம்மா. இன்னும் சாய்ச்சு. குதிகாலும் தெரியணும்.”

மனைவி கண்ணாடியைச் சாய்த்தார். “இத்தனை வருஷத்துல இவரோட உள்ளங்காலை இப்பத்தான் பாக்கறேன்.”

“எப்படி இருக்கு?” என்று தையல்காரர் கேட்டார்.

“மூஞ்சியைவிடப் பரவாயில்ல.”

பத்தாவது நாள் காலையில் சிஸ்டர் மெல்லிய தாளை வைத்து வரைந்தார். ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி வரைந்தார். இரண்டாவது திங்கட்கிழமையின் தாளின்மேல் வைத்தார். கோட்டின்மேல் கோடு. ஒரு பக்கம் மட்டும் ஒரு நூல் உள்ளே. சிவப்பு இல்லை. சூடு இல்லை.

சர்ஜன் வந்தார், பார்த்தார். “விரல் இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். அக்கா வழியை மறிக்கவில்லை, ஆனால் புதுத் தாளை நீட்டியபடி நின்றார்.

சர்ஜன் வாங்கிப் படித்தார். கடைசி வரியை இரண்டு முறை படித்தது அவர் கண்ணிலிருந்து தெரிந்தது.

“எழுதறது சுலபம். இவர் மறுபடி சட்டை தைக்கமாட்டாருன்னு என்ன நிச்சயம்?”

“நீங்களே பாருங்க சார். நான் வெளிய போயிடறேன்.”

“எதுக்கு வெளிய?”

“நான் இருந்தா எல்லாரும் ஒழுங்காத்தான் செய்யறாங்க.”

அக்கா நடைக்கூடத்துக்குப் போய்ச் சுவரோடு நின்றார். உள்ளே நடந்ததைப் பிறகு சிஸ்டர்தான் சொன்னார்.

தையல்காரரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புண் இல்லாத இடது காலில் மட்டும் செய்யச் சொன்னார் சர்ஜன். நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் பாதத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி தெரியவில்லை. சர்ஜன் குனிந்தார், அப்போதும் தெரியவில்லை. முக்காலியைக் காலால் இழுத்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். வார்டு முழுக்க மூச்சுக் காட்டாமல் பார்த்தது. எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது என்று லாரி டிரைவர் பக்கத்துக் கட்டிலுக்குக் கிசுகிசுத்தார்.

தையல்காரர் காலை நீட்டினார். பாதத்தை இழுத்தார், அமுக்கினார். கீழே ஒன்றும் இல்லை, காற்றுதான். உதடு அசைய எண்ணினார். அவருடைய கால் மேலும் மிதிக்கத் துடித்தது பார்த்தவர்களுக்கே தெரிந்தது. பத்தில் நிறுத்திக் காலைப் பக்கத்தில் போட்டிருந்த தலையணையில் வைத்தார்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்று சர்ஜன் கேட்டார். “வலிச்சுதா?”

“வலிக்காதுங்க டாக்டர்” என்றார் தையல்காரர். “பத்து ஆயிடுச்சு. அதான் நிறுத்திட்டேன்.”

அன்று காலையிலேயே வந்திருந்த மனைவி, யாரும் கேட்காமலே கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

சர்ஜன் கேஸ் ஷீட்டை முக்காலியில் உட்கார்ந்தபடியே எழுதினார். ‘பயிற்சி தொடரலாம். மறுபடி முதல் வாரத்திலிருந்து. ஆறு பேர், ஆறு வாரம்.’ வெளியே வந்தபோது சுவரோரம் நின்ற அக்காவைக் கடந்து போனவர், திரும்பாமலே, “நீங்க எதுக்கு நிக்கறீங்க, உட்காருங்க” என்றார்.

ஆறு வாரம் முடிந்தபோது யாருடைய புண்ணும் பெரிதாகவில்லை. பிறகு அது எட்டுப் பேர் ஆனது, பிறகு வார்டு முழுவதும். தையல்காரர் ஐந்தாவது வாரம் வீட்டுக்குப் போனார். வாசல் படியில் அக்கா கூடவே இறங்கினார், தொடை தாங்கியது. கடையில் அவர் இப்போது வெட்டுகிறார், தம்பி தைக்கிறார். மிதி மெஷினைத் தொடவே கூடாது என்பது சர்ஜனின் கண்டிப்பு. சட்டைகளின் கைகள் சரியான பக்கத்தில் இருப்பதாகவும், தையல்தான் கோணலாக இருப்பதாகவும் அவருடைய மனைவி சொன்னார்.

பழைய தாள் இன்னும் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. அக்கா அதைக் கிழித்துப் போடவில்லை. மேல்மாடி எலும்பு முறிவு வார்டுக்குக் கொடுத்தனுப்பினார். அங்கே அது சரியான தாள்தான்.